படம் பார்த்துக் காசு நோட்டம்

(பாளையங்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழங்காசில் பழக்கமுள்ளவர் என்று ஊரில் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், கைப்பேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஏரலிலிருந்து ஓர் ஆசிரியர் அனுப்புவார். அம்பாசமுத்திரத்தில் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறவர் அனுப்புவார். ஆற்று மணலில் கிடைத்தது என்று ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து ஓர் இளைஞர் அனுப்புவார். எல்லாப் படங்களோடும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "ஐயா, இது எத்தனை பெறும்?"

கேள்வியில் தவறில்லை. ஆனால் விலை சொல்லத் தரம் தெரிய வேண்டும். தரம் சொல்ல, அந்தக் காசுக்கு இதுவரை என்னென்ன நேர்ந்தது என்று தெரிய வேண்டும். இன்று காசு வாங்குவது, விற்பது, மதிப்பிடுவது எல்லாம் பெரும்பாலும் படத்தை வைத்தே நடக்கின்றன. ஆய்வாளர்கூட முதலில் படத்தைத்தான் பார்க்கிறார். அதனால் படத்தில் காசை எப்படிப் பார்ப்பது என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்ததன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசின் மேல் தெரிகிற ஒவ்வொரு தேய்வும், ஒவ்வொரு வடுவும் நான்கு இடங்களில் ஒன்றிலிருந்து வந்தது: காசை அடித்த அக்கசாலை, அது புழங்கிய கைகள், அது கிடந்த மண்ணும் நீரும், கண்டெடுத்த பின் அதைத் துலக்கியவர் கை. இந்த நான்கையும் படத்திலேயே பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்தான் தரம் சொல்லத் தகுந்தவர். பிரிக்காமல் "நல்லா இருக்கு", "தேஞ்சு போச்சு" என்று சொல்வது மதிப்பீடு ஆகாது.

காசின் தரம் பார்ப்பது நமக்குப் புதிய வேலை இல்லை. சங்கப் புலவர்களிலேயே வடம வண்ணக்கன் தாமோதரனார், வண்ணக்கன் சோருமருங்குமரனார் என்று பெயர் உண்டு. நாணயம் சோதிக்கிறவரைத்தான் வண்ணக்கர் என்றார்கள். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் கொடையோ நில விலையோ வரும்போது வெறுமனே காசு என்று விட்டுவிடாமல் "அன்றாடு நற்காசு" என்றும், "பழங்காசு" என்றும் இன்ன காசு எனக் குறித்தே வெட்டினார்கள். பிற்காலத்தில் கஜானாவில் நோட்டக்காரர் உட்கார்ந்திருப்பார். கடைவீதியில் காசு மாற்றும் சராப்பு இருப்பார். காசைக் கல்லில் தட்டி ஓசை கேட்பார்கள், விரலால் விளிம்பைத் தடவுவார்கள், உரைகல்லில் தேய்ப்பார்கள், தராசில் வைப்பார்கள். கண், காது, விரல், கல், தராசு என்று அவர்களுக்கு ஐந்து சாட்சிகள். படம் பார்க்கிற நமக்குக் கண் ஒன்றுதான் சாட்சி. மற்ற நான்கும் சொல்லியிருக்க வேண்டியதை இந்தக் கண்ணே ஊகித்தாக வேண்டும். அதனால்தான் அதற்குப் பயிற்சி வேண்டும் என்கிறேன்.

நம் ஆற்றங்கரையில் என்ன காசெல்லாம் கிடைக்கும் என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். பாண்டியரின் துறைமுகமான கொற்கை தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்தது. கொற்கைக்குப் பக்கத்தில் அக்கசாலை என்றே ஓர் ஊர் உண்டு. அங்கே நாணயச் சாலை இருந்திருக்க வேண்டும் என்று பேராயர் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். ஒரு பக்கம் யானையும் மறு பக்கம் கோட்டுருவ மீனும் கொண்ட முற்காலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசு, நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட இராசராசன் வகைச் செப்புக் காசு, மீன் பொறித்த பிற்காலப் பாண்டியர் காசு, 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களின் கம்பெனிச் செம்பு, மேற்கே செங்கோட்டைப் பக்கம் திருவிதாங்கூர்ச் சக்கரம், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரையிலான ரூபாய். இவை அனைத்தையும் ஒரே அளவுகோலில் அளக்க முடியாது. ஆனால் நான் சொன்ன நான்கு கேள்விகளை எல்லாவற்றிடமும் கேட்கலாம்.

அக்கசாலையில் நேர்ந்தது

முதல் கேள்வி: இந்தக் குறை பிறவிக் குறையா?

பழைய காசு கையால் அடிக்கப்பட்டது. செப்புத் தகட்டை அச்சின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். தகடு அச்சைவிடச் சிறியதாக இருந்தால் உருவத்தின் ஒரு பகுதி வெளியே போய்விடும். அடி ஒரு பக்கம் சாய்ந்தால் யானையின் தலை ஆழமாகவும் வால் மங்கலாகவும் விழும். பாண்டியர் சதுரக் காசில் யானைக்கு மேலே இருக்க வேண்டிய குறிகள் பாதி வெட்டுப்பட்டிருந்தால், பலர் "உடைந்த காசு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உடைப்பு என்றால் விளிம்பில் முறிந்த தடம் தெரியும். முழு விளிம்பும் ஒரே நிறத்தில், ஒரே பழமையோடு இருந்தால் அந்தக் காசு அக்கசாலையிலிருந்து வெளியே வரும்போதே அப்படித்தான் இருந்தது. மங்கலான இடத்தில் உலோகத் தளம் சமமாக, முதிர்ந்த நிறத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அடி சரியாக விழாத இடம், தேய்மானம் இல்லை.

இதை இன்னும் துல்லியமாகக் காட்டும் காசு ஒன்று உண்டு. 1808ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் கம்பெனியார் அரை வராகன், கால் வராகன் என்று வெள்ளிக் காசுகள் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறு பக்கம் தாமரையிலிருந்து எழும் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழி எழுத்தும் அதில் உண்டு. அரை வராகனுக்கு வேண்டிய வெள்ளித் தகட்டுக்காக அவர்கள் தேடியலையவில்லை. வணிகத்தில் வந்து குவிந்த ஸ்பானிய டாலர்களையே எடுத்து அவற்றின் மேல் புது அச்சை அடித்தார்கள். அதனால் சில அரை வராகன்களில் கோபுரத்தின் அடுக்குகளுக்கிடையே பழைய ஸ்பானிய எழுத்தின் நிழலோ, அரசன் முகத்தின் வளைவோ எட்டிப் பார்க்கும். படத்தில் மட்டும் பார்க்கிறவருக்கு அது கீறலாகத் தெரியும், நசுங்கலாகத் தெரியும். தெரிந்தவருக்கோ, மெக்ஸிகோவிலோ பெருவிலோ அடித்த வெள்ளி நம் கோபுரத்தைத் தாங்கிய கதை அது. தரத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் ஒருவேளை கூட்ட வேண்டியிருக்கும்.

கைகளில் நேர்ந்தது

இரண்டாவது கேள்வி: இந்தக் காசு எவ்வளவு புழங்கியது?

புழக்கத் தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காசில் எது உயர்ந்து நிற்கிறதோ அது முதலில் தேயும். பள்ளத்தில் இருப்பது கடைசியில் தேயும். ஆகவே ஒவ்வொரு காசிலும் உயர்ந்த இடம் எது என்று தெரிந்து வைத்துக்கொண்டால், படத்தில் அந்த ஒரு புள்ளியைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் பாட்டி பெட்டிகளில் அதிகம் கிடைப்பவற்றில் அதுவும் ஒன்று. முடிசூடிய அரசர் மார்பளவில் இருக்கிறார். அவர் அங்கியின் மேல் தொங்கும் பதக்க மாலையில் ஒரு சின்ன யானை இருக்கும். 1911இல் முதலில் வெளிவந்த காசுகளில் அந்த யானையின் தும்பிக்கை குட்டையாக இருந்ததால், அது யானை இல்லை, பன்றி என்று பேச்சு எழுந்தது. பன்றியை ஒதுக்கும் மக்கள் புழங்கும் நாட்டில் அரசாங்கம் அதை விட்டுவைக்கவில்லை. அந்த ரூபாய்களில் பெரும் பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கினார்கள். 1912 முதல் தும்பிக்கையைத் தெளிவாக நீட்டிச் செதுக்கினார்கள். இன்று காசு சேர்ப்பவர்கள் முதலில் தேடுவது அந்த யானையைத்தான். காரணம் வரலாறு மட்டும் அன்று, அந்த யானை உயரமான இடத்தில் இருப்பதால் முதலில் தேய்வதும் அதுதான். யானையின் காதும் தும்பிக்கையும் தனித்தனியாகத் தெரிந்தால் காசு குறைவாகவே புழங்கியிருக்கிறது. யானை ஒரு மொழுக்கையாக மாறி, கிரீடத்தின் மணிகள் மட்டும் தெரிந்தால் நடுத்தரம். கிரீடமும் தட்டையாகிவிட்டால் நன்கு புழங்கிய காசு.

இந்தப் படிநிலைகளுக்கு எண் கொடுத்தவர் அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன். 1949இல் வெளியான தம் நூலில் அமெரிக்காவின் பழைய செப்புச் சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். ஃபைன் என்றால் 12, வெரி ஃபைன் என்றால் 20 முதல், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்றால் 40 முதல், புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை. இன்று பிளாஸ்டிக் பெட்டிக்குள் காசை அடைத்துச் சீட்டு ஒட்டித் தரும் அமெரிக்க நிறுவனங்கள் 1980களில் தொடங்கியவை, இதே அளவுகோலைத்தான் பின்பற்றுகின்றன. நம் ஊர்க் காசுக் கடைகளிலும் "எக்ஸ்.எஃப்.", "யு.என்.சி." என்று பேசுகிறார்களே, அவையெல்லாம் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் (புழங்காதது) என்ற தரப் பெயர்களின் சுருக்கெழுத்துகள்தாம்.

இயந்திரத்தில் ஒரே சீராக அடித்த காசுக்கு இந்த அளவுகோல் பொருந்தும். கையால் அடித்த பாண்டியர் காசுக்கு அப்படியே பொருத்தினால் தவறாகப் போகும், ஏனென்றால் அங்கே பிறவிக் குறையும் தேய்மானமும் கலந்தே இருக்கும். அதனால் பழந்தமிழ்க் காசுக்கு எண் சொல்வதைவிட, "உருவம் முழுமை, எழுத்து பாதி, விளிம்பு முழுமை, தளம் அரித்தது" என்று உறுப்பு உறுப்பாகச் சொல்வதே நேர்மையானது.

புழக்கத்தில் நேரும் இன்னொன்று மனிதர் வேண்டுமென்றே செய்த வடு. வெள்ளி ரூபாய்களில் சராப்புகள் தரம் பார்த்துக் குத்திய சின்னஞ்சிறு முத்திரைகள் உண்டு. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. அழகை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இவை சேதம். நம்மூர்ச் சந்தையில் அயல்நாட்டுக் காசை எப்படி ஏற்றார்கள், எப்படி மறுத்தார்கள் என்று அறிய விரும்புகிற கண்ணுக்கு இவைதாம் ஆவணம். படத்தில் இத்தகைய வடுவைக் கண்டால் அதன் உட்புறத்தைப் பாருங்கள். உட்புற நிறமும் காசின் நிறமும் ஒன்றாக இருந்தால் பழைய வடு. உட்புறம் பளிச்சென்று இருந்தால் நேற்று விழுந்தது.

மண்ணிலும் நீரிலும் நேர்ந்தது

மூன்றாவது கேள்வி: கிடந்த இடம் இந்தக் காசை என்ன செய்தது? இதற்கு உதாரணம், சென்னை ராஜதானிக்கென்று அடித்தும் சென்னைக்கு வந்து சேராத ஒரு காசு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே இருந்த சோஹோ அக்கசாலையில் 1808இல் கம்பெனியின் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள் அடிக்கப்பட்டன. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறு பக்கம் பாரசீக எழுத்து. அவற்றைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகும் முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முத்துக்குளிப்பவர்போல மூழ்கி அந்தக் காசுகளை இலட்சக்கணக்கில் எடுத்தார்கள். இன்று உலகெங்கும் விற்பனையில் இருக்கின்றன.

அவற்றின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீப்பாயின் நடுவே இறுகிக் கிடந்த காசில் சிங்கத்தின் பிடரி மயிர்கூடத் தெரியும். வெளிப்புறம் கிடந்ததில் தளமெங்கும் குழிகள், கடல் உப்பு தின்ற செம்பு. இரண்டும் ஒரு நாள்கூட ஒரு கைக்கும் வந்தவை அல்ல. புழக்கத் தேய்மானம் இரண்டிலும் இல்லை. ஆனாலும் ஒன்று உயர்தரம், மற்றொன்று சேதமுற்றது. தேய்மானம் வேறு, தளத்தின் நிலை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. தரம் சொல்லும்போது இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

நம் ஆற்றுக்கு வருவோம். மணலில் உருண்ட காசு வேறு விதமாகத் தேயும். பையிலும் கையிலும் தேய்ந்த காசில் உயரம் மழுங்கிப் பள்ளம் பிழைத்திருக்கும். மணலில் உருண்டதில் உயரம், பள்ளம், விளிம்பு எல்லாமே ஒரே மாதிரி மழுங்கிச் சதுரக் காசின் நான்கு மூலைகளும் உருண்டிருக்கும். கொற்கை, காயல் பக்கம் உப்பு மண்ணில் கிடந்த செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பில் இரண்டு வகை. கரும்பச்சையாய், மெழுகுபோல் கெட்டியாய், தளத்தோடு ஒட்டியிருப்பது காசைக் காக்கும் போர்வை. வெளிர்பச்சையாய், மாவுபோல் புள்ளிப் புள்ளியாய்ப் பூத்திருப்பது நோய். உள்ளே உப்புக் குளோரைடு இன்னும் செம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். படத்திலேயே இந்த வேறுபாடு தெரியும். வெளிர்பச்சைப் புள்ளி தெரிந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, காசை ஈரமில்லாத இடத்தில் தனியாக வைத்து, பாதுகாப்புப் பணி தெரிந்தவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

துலக்கியவர் கையில் நேர்ந்தது

நான்காவது கேள்வி: கண்டெடுத்த பின் இதைத் துலக்கினார்களா? இதை மனவருத்தத்தோடுதான் கேட்கிறேன். நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்து பிழைத்த காசு, கிடைத்த அன்று சாயங்காலமே செத்துப்போகிறது. காரணம் புளி.

செப்புக் குடத்தைத் துலக்குகிற பழக்கத்தில், கிடைத்த காசையும் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். எலுமிச்சை, சாம்பல், பாத்திரம் துலக்கும் பொடி, கம்பி நார் எல்லாமே நடக்கிறது. அதன் விளைவைப் படத்தில் உடனே கண்டுபிடிக்கலாம். இயற்கையாகப் பழுத்த செம்பு பழுப்பாக, பள்ளங்களில் சற்று அடர்த்தியாக இருக்கும். துலக்கிய செம்பு ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக, குளித்து வந்த குத்துவிளக்குபோல் மின்னும். பெரிதாக்கினால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் தெரியும். புழக்கத்தில் விழுந்த கீறல் பல திசையில் ஓடும், தேய்த்ததில் விழுந்தது கை போன திசையில் ஓடும். வெள்ளிக் காசிலும் இதே கணக்குத்தான். அந்த மினுமினுப்பு அக்கசாலைப் பளபளப்பு அன்று. அக்கசாலைப் பளபளப்பில் காசைச் சாய்த்தால் ஒளி சக்கரம்போல் சுழலும். ஒற்றைப் படத்தில் அது தெரியாது, சிறு காணொளி வேண்டும்.

இழப்பு விலையில் மட்டும் இல்லை. மிகப் பழைய செப்புக் காசில் மேல்தோல் செம்பாகவே இருப்பதில்லை, களிம்பாக மாறியிருக்கும். உருவமும் எழுத்தும் அந்தக் களிம்புத் தோலில்தான் வாழ்கின்றன. புளியின் அமிலம் அந்தத் தோலைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்து கரைகிறது.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு ஒரு சான்று. 1957இல் நெல்லைக்கு வந்த தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, சங்ககாலக் காசுகளைத் தேடித் தொகுத்த பெரியவர். அவர் 1980களின் நடுவில் ஒரு சிறிய சதுரச் செப்புக் காசில், குதிரை உருவத்தின் மேலே தமிழி எழுத்தில் "பெருவழுதி" என்ற பெயரைப் படித்தார். மறுபக்கம் பாண்டியரின் மீன். பாட்டிலும் உரையிலும் கேட்டுவந்த வழுதி என்ற பாண்டியப் பெயர் உலோகத்தில் வந்து நின்றது. சங்ககால அரசர்கள் தம் பெயரில் காசு வெளியிட்டதை இத்தகைய சான்றுகளே உறுதி செய்தன. அவர் 1997இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சங்ககாலக் காசு நூல் இன்றும் இத்துறையில் அடிப்படை நூல். அந்த எழுத்துகள் நகக்கண் அளவுகூட இல்லாதவை. அந்தக் காசு புளிப் பாத்திரத்துக்குப் போயிருந்தால் அந்தப் பெயரை யாரும் படித்திருக்க முடியாது.

படத்தின் பொய்கள்

இனி, படமே நம்மை ஏமாற்றும் விதங்கள். முதலாவது ஒளி. நம் மூளை வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே எடுத்துக்கொள்ளும். கீழிருந்து ஒளி விழுந்த படத்தைப் பார்த்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். எழுத்தைப் படிப்பதில் இது பெரிய குழப்பம் தரும், போலியைக் கண்டுபிடிப்பதிலும் அப்படியே. வார்ப்பில் செய்த போலிக் காசின் தளத்தில் காற்றுக் குமிழ் விட்ட சிறு பருக்கள் மேலே புடைத்திருக்கும், மண் அரித்த உண்மைக் காசில் குழிகள் கீழே இறங்கியிருக்கும். ஒளியின் திசை தெரியாமல் பருவையும் குழியையும் பிரிக்க முடியாது. படம் விசித்திரமாகத் தெரிந்தால் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பல சமயம் உண்மை உடனே புலப்படும்.

இரண்டாவது அளவு. திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் அரைக் கிராம்கூட இல்லாத பொடிக் காசு. விரலால் எண்ண முடியாமல், வரிசை வரிசையாகச் சின்னக் குழி வெட்டிய மரப்பலகையில் கொட்டி, குழிக்கு ஒன்றாக நிரப்பித்தான் எண்ணினார்கள். கைப்பேசித் திரையில் அந்தச் சக்கரமும் 11.66 கிராம் எடையுள்ள ரூபாயும் ஒரே அளவில் நிற்கும். அளவுகோல் இல்லாத படத்தை வைத்துக் காசின் பெயரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது கைப்பேசியின் உதவி. கேமரா தானாகவே கூர்மையைக் கூட்டும், நிறத்தைத் தூக்கும். தேய்ந்த எழுத்தின் ஓரத்தை அது கூர்மையாக்கிக் காட்டும்போது ஒரு படி தரம் பொய்யாக ஏறிவிடும். நேராக அடிக்கும் ஃபிளாஷ் எதிராகச் செய்யும்: நிழலைக் கொன்று, நல்ல காசையும் மொட்டையாகக் காட்டும்.

ஆகவே படத்தைப் பார்த்துத் தரம் சொல்பவர் ஒற்றை எண் சொல்லக் கூடாது. இதிலிருந்து இதுவரை என்று ஓர் எல்லை சொல்லி, "படத்தில் கண்டவரை" என்று சேர்த்து எழுத வேண்டும். எடை, ஓசை, காந்தம், விளிம்பு ஆகியவை தெரியாதவரை உண்மைக் காசு என்று உறுதி சொல்லவும் கூடாது. 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. அரிது என்பதாலேயே போலிகள் மலிந்த காசு அது. அதன் படத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க எந்த அனுபவசாலியும் சம்மதிக்க மாட்டார்.

இந்த இடத்தில் ஏமாற்று பற்றியும் சொல்லியாக வேண்டும். இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" என்று எழுதிய செம்பு வட்டங்கள் நிறைய உலவுகின்றன. கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. காசு அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் இருக்கிறது என்று சொல்லும் ரைஸ் புல்லிங் கூட்டத்திடம் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். வைஷ்ணோதேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க்கு இலட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று வரும் அழைப்புகளும் அதே வகை. பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதற்குத் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்கிறார்கள், அதில் தனக்குத் தொடர்பில்லை என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசு வாங்குகிறவர் காசு கேட்க மாட்டார். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

படம் எடுக்கும் முறை

நல்ல படம் எடுக்கப் பெரிய கருவி வேண்டாம். வெயில் நேரே படாத திண்ணையோ வடக்கு ஜன்னலோ போதும். சாம்பல் நிற அட்டையின் மேல் காசை வையுங்கள். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்று. கைப்பேசியைக் காசுக்கு நேர் மேலே, அசையாமல் பிடியுங்கள். வெளிச்சம் இடப்பக்க மேல் மூலையிலிருந்து சாய்வாக விழட்டும். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று மூன்று படம் எடுங்கள். காசை அதே இடத்தில் வைத்துக் கால் வட்டம் திருப்பி இன்னொன்று எடுங்கள், ஒரு கோணத்தில் மறைந்த எழுத்து மறு கோணத்தில் எழுந்து வரும். நகைக்கடைத் தராசில் வைத்து எடை காட்டும் படம் ஒன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கழுவ வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே எடுங்கள்.

இத்தனைக்கும் மேலாக ஒன்றை எழுதி அனுப்புங்கள்: காசு கிடைத்த இடம். எந்த ஊர், எந்தத் துறை, எவ்வளவு ஆழம், கூட என்ன ஓடு, மணி, எலும்பு கிடைத்தது என்ற விவரம். நம் மாவட்டக் காசுகள் தனி நூல் பெறும் தகுதி உடையவை என்று 1888லேயே உணர்ந்து, டேனிஷ் மிஷனரி லோவெந்தால் "திருநெல்வேலிக் காசுகள்" என்ற ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டார். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகள் வழியாக இந்த ஆற்றங்கரையின் பழமை இன்று உலகம் அறிந்த செய்தி. அந்த வரலாற்றில் ஒரு காசு சாட்சி சொல்ல வேண்டுமானால் அது எங்கே கிடைத்தது என்று தெரிய வேண்டும். நன்றாகத் தேய்ந்த காசானாலும் இடம் தெரிந்தால் ஒரு வணிகப் பாதையை, ஒரு குடியிருப்பின் காலத்தை அது சொல்லும். மிக உயர்ந்த தரமுள்ள காசானாலும் இடம் தெரியாவிட்டால் அது சந்தைப் பொருளாக மட்டுமே நிற்கும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் காசைப் பொறுத்தவரை, ஷெல்டன் எண்ணைவிட ஊரின் பெயர் பெரியது என்பதே என் தீர்ப்பு.

சட்டம் பற்றிய அச்சம் பலருக்கு இருக்கிறது. அதனால்தான் கிடைத்ததை மறைக்கிறார்கள், இடத்தை மாற்றிச் சொல்கிறார்கள், உருக்கிவிடுகிறார்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவரை அந்தச் சட்டம் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வழி வைத்திருக்கிறது. மறைத்தால்தான் தண்டனை. நூறு ஆண்டு கடந்த காசை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. படம் பார்த்து வெளிநாட்டில் ஒருவர் நல்ல விலை சொல்கிறார் என்று தபாலில் அனுப்பிவிடாதீர்கள்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் மூன்று. வீட்டில், வயலில், ஆற்றில் எந்தப் பழங்காசு கிடைத்தாலும் புளியும் பொடியும் அதன் பக்கம் போகக் கூடாது. படம் எடுத்த கையோடு கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதிக் காசோடு வையுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, இதே பாளையங்கோட்டையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இங்கே வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்கள் இந்த மூன்றையும் தங்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால், இந்த ஆற்றங்கரைக் காசுகள் பல பிழைத்துவிடும்.